முயல் ஜெயிக்க வேண்டிய பட்டி

அமெரிக்காவில் நான் முதலில் சந்தித்த பீகிள், என் கைப்பையைப் பார்த்துத்தான் உட்கார்ந்தது.

விமானத்தைவிட்டு இறங்கி, பெட்டிகள் சுற்றிவரும் பெல்ட் பக்கத்தில் நின்றிருந்தேன். பச்சை ஜாக்கெட் போட்ட குட்டை நாய் ஒன்று, காது இரண்டும் தொங்க, வால் மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நிமிர்ந்திருக்க, கூட்டத்துக்குள் நுழைந்து நுழைந்து வந்தது. குரைக்கவில்லை. யாரையும் மிரட்டவில்லை. என் பையை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரி அடக்கமாக உட்கார்ந்துகொண்டது. கூட வந்த அதிகாரி சிரித்துக்கொண்டே பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஈரத்துணியில் சுற்றி, அதற்கு மேல் இரண்டு பிளாஸ்டிக் கவர் போட்டு, ஒரு பிடி கறிவேப்பிலை.

"எத்தனை தடவை படிச்சுப் படிச்சு சொன்னேன்மா..." என்று மகள் போனில் தலையில் அடித்துக்கொண்டாள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கும் ஒரு பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருக்குமாம். அதனால் பச்சைக் கறிவேப்பிலைக்கு அங்கே அனுமதி இல்லை. எனக்குக் குப்பைத்தொட்டி, நாய்க்கு ஒரு பிஸ்கட்.

1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் அமெரிக்க வேளாண் துறை ஆரம்பித்த ஏற்பாடு இது. பெயரே 'பீகிள் பிரிகேட்'. பெரிய நாயைக் கண்டால் பயணிகள் மிரளுவார்கள், இதைக் கண்டால் குனிந்து கொஞ்சத்தான் தோன்றும் என்பது ஒரு காரணம். மூக்கு இன்னொரு காரணம்.

அந்த மூக்கைப் பற்றி எனக்கு ஏற்கெனவே ஒரு மனக்குறை உண்டு. சென்னையில் எங்கள் அப்பார்ட்மென்ட்டின் மூன்றாம் மாடியில் ஒரு பீகிள் இருக்கிறது. பெயர் சிக்கு. பெற்றவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், பையன் காலேஜ். பகல் முழுக்க சிக்கு பால்கனியில். கம்பி இடுக்கில் மூக்கை நுழைத்துக்கொண்டு, வாயை வானத்துக்குத் தூக்கி ஊளையிடும். சாதாரணக் குரைப்பு இல்லை, சங்கு ஊதுவது மாதிரி நீளமான ஓலம். கதவு அரை அடி திறந்தால் போதும், தலையைத் தரையில் வைத்துக்கொண்டு ஓட்டம்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாது. 'செவிட்டு நாய்' என்றே எங்கள் பிளாக்கில் பெயர். அசோசியேஷன் கூட்டத்தில் "நாயை அனுப்புங்கள், இல்லாவிட்டால் நோட்டீஸ்" என்று பேச்சு எழுந்த வாரம்தான் நான் விமானம் ஏறினேன்.

மகள் இருப்பது வட கரோலினாவில், ராலே நகரத்துக்குப் பக்கத்தில் கேரி. வீடு இருக்கும் தெருவுக்கு ஒரு நரியின் பெயர். நரியைத்தான் காணோம். ஒரு காலத்தில் வயலும் புதருமாக இருந்த இடத்தில் வரிசையாக வீடு கட்டிவிட்டு, விரட்டிய பிராணியின் பெயரையே தெருவுக்கு வைத்துவிடுகிறார்கள். நம் ஊரில் ஏரியைத் தூர்த்துவிட்டு லேக் வியூ என்று பெயர் வைப்பதில்லையா, அதே கணக்கு.

மகளுடன் வேலை பார்க்கும் பெண்ணின் அப்பா, ஊருக்கு வெளியே நிலம் வைத்திருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். தலைமுறை தலைமுறையாகப் பீகிள் வளர்க்கிற குடும்பம். என் கறிவேப்பிலைக் கதையைக் கேட்டுச் சிரித்து, "அந்த மூக்கு எதுக்காக உண்டானதுன்னு உங்க அம்மா பார்க்கணும்னா, சனிக்கிழமை கூட்டிட்டு வா" என்று சொல்லியனுப்பினார். நான், மகள், மாப்பிள்ளை மூன்று பேரும் போனோம். விடியற்காலை அஞ்சே முக்கால். அக்டோபர் மாதம், புல் முழுக்கப் பனி.

போகிற வழியிலேயே மாப்பிள்ளைக்கு மனசு சரியில்லை. "அத்தை, வேலி போட்ட இடத்துக்குள்ள முயலை அடைச்சு வெச்சு நாயை விட்டுத் துரத்துறதா? அது ஜெயில் இல்லையா?" என்றார். எனக்கும் அதே நினைப்புதான். ஆனாலும் கறிவேப்பிலையைப் பிடித்த மூக்கின் பூர்வீகத்தைப் பார்க்கும் ஆசை விடவில்லை.

அந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் ரன்னிங் பென் என்று பெயர். நம் வழக்கில் சொன்னால் பட்டி. ஆட்டுப்பட்டி மாதிரி, இது ஓட்டப்பட்டி. ஏறக்குறைய இருபது ஏக்கர். சுற்றிலும் நெஞ்சு உயரத்துக்குக் கம்பி வலை. வலையின் அடிப்பகுதியை மடித்து, தரையில் ஓரடிக்கு மேல் படுக்கவைத்து, புல் மூட விட்டிருக்கிறார்கள். தோண்டினாலும் கம்பியில்தான் நகம் முட்டும். வெளிப்பக்கமாக மின்சாரக் கம்பி ஒன்று ஓடுகிறது. அது நாய்க்கு இல்லை, முயலுக்கும் இல்லை. ராத்திரியில் வரும் கயோட்டிக்கும் நரிக்கும்.

"பருந்தையும் ஆந்தையையும் என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"மேம், அதுக்குத்தான் இந்தக் குப்பையெல்லாம்" என்று கையை நீட்டினார். அங்கே வயதில் மூத்த பெண்களை எல்லோரும் 'மேம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

குப்பை என்று அவர் சொன்னதுதான் அந்தப் பட்டியின் உயிர். முதலில் பார்த்தபோது பராமரிப்பே இல்லாத இடம் என்று நினைத்தேன். ஆள் உயரத்துக்கு பிளாக்பெர்ரி முட்புதர். நாற்பது ஐம்பது அடிக்கு ஒன்றாக, வெட்டிப்போட்ட கிளைகளின் குவியல். கிட்டே போய்ப் பார்த்தால், ஒவ்வொரு குவியலுக்கும் அடியில் கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியிருக்கிறார். முயல் நுழையலாம், நாய் நுழைய முடியாது. நடுநடுவே புல் வெட்டிய பாதைகள். பாதை ஓரத்தில் க்ளோவர் விதைத்திருக்கிறார், முயலுக்குப் பிடித்த தீனி. மழைக்கு மறைவாகத் தீனித் தொட்டிகள். ஒரு மூலையில் தனியாக வேலி போட்ட இரண்டு ஏக்கர். அது குட்டிகளுக்கு. எல்.கே.ஜி. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முயலைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால்தான் இந்த ஏற்பாடே புரியும். அங்கே இருப்பது காட்டன்டெயில் என்ற முயல். வால் பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும், அதனால் அந்தப் பெயர். ஒன்று, ஒன்றரை கிலோ எடை. நம் வீடுகளில் கூண்டில் வளர்க்கிற வெள்ளை முயல் ஐரோப்பிய முயலின் வம்சம். இது வேறு இனம், இரண்டும் கூடிக் குட்டி போடாது. ஐரோப்பிய முயல் வளை தோண்டும். காட்டன்டெயில் தோண்டாது. புல்லுக்குள் ஒரு சின்னக் குழிவில் ஒடுங்கிக் கிடக்கும். நாய் கிட்டே வந்துவிட்டால் எழுந்து ஓடும். ஆனால் நேராக ஓடிப்போய்விடாது. தனக்குப் பழகிய சில ஏக்கர் இடத்தைவிட்டுப் போக அதற்கு மனசு வராது. வளைந்து வளைந்து ஓடி, ஒரு பெரிய வட்டம் அடித்து, கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து சேரும்.

பீகிள் வேட்டை முழுக்க இந்த வட்டத்தை நம்பித்தான் இருக்கிறது. நாய் முயலைப் பிடிக்க வேண்டியதில்லை. பிடிக்கவும் முடியாது, முயல் அதைவிட வேகம். நாயின் வேலை, முயல் போன தடத்தை மூக்கால் படித்து, குரல் கொடுத்துக்கொண்டே பின்னால் போவது. வேட்டைக்காரர் முயல் எழுந்த இடத்திலேயே நின்றுகொண்டு, வட்டம் திரும்பி வருவதற்குக் காத்திருப்பார். பீகிளின் அந்தச் சங்கொலி, 'நான் இங்கே இருக்கிறேன், முயல் இந்தப் பக்கம் போகிறது' என்ற செய்தி. சிக்கு பால்கனியில் போடும் ஓலம் இந்தச் செய்திதான், கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

நம் சிப்பிப்பாறை, கன்னி நாய்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அவை கண்ணால் பார்த்து, அம்பு மாதிரி பாய்ந்து, வேகத்தால் முயலைப் பிடிப்பவை. நீண்ட கால், ஒட்டிய வயிறு. பீகிளுக்கு உயரமே கிடையாது. அமெரிக்கக் கென்னல் கிளப் கணக்கில் தோள்வரை 13 அங்குலத்துக்குள் ஒரு ரகம், 13 முதல் 15 அங்குலம் வரை இன்னொரு ரகம், அவ்வளவுதான். கால் குட்டையாக இருப்பதால் மூக்கு எப்போதும் மண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது. (நம் ஊரில் 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் சிப்பிப்பாறையைக் கூட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் கிளம்பிவிட வேண்டாம்.)

அந்த மூக்கின் சாமர்த்தியத்துக்கு ஒரு கதை சொல்வார்கள். கதை இல்லை, ஆராய்ச்சி. ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் மெய்ன் மாநிலத்தில் பல வருஷம் நாய்களை வைத்துச் சோதனைகள் செய்து, 1965-ல் புத்தகமாகப் போட்டார்கள். அதில் ஒரு சோதனை, ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரே ஒரு எலியை விட்டு நாய்களைத் தேடவிட்டது. பீகிளுக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம் ஆனது. பாக்ஸ் டெரியருக்குக் கால் மணி நேரம். ஸ்காட்டிஷ் டெரியர் கண்டுபிடிக்கவே இல்லை.

அன்று காலை பெரியவர் முதலில் ஒரு குட்டியைத்தான் இறக்கினார். அஞ்சு மாசக் குட்டி. நாலு, அஞ்சு மாசத்தில் பழக்க ஆரம்பிப்பார்களாம். அவரே புதருக்குள் குச்சியால் தட்டிக்கொண்டு போக, ஒரு முயல் பாதையைக் குறுக்கே கடந்தது. குட்டி பார்த்துவிட்டது. ஒரே பாய்ச்சல். பத்து அடிதான். முயல் புதருக்குள் மறைந்ததும் குட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. தலையைத் தூக்கி அங்கும் இங்கும் பார்த்தது. எங்களைப் பார்த்தது. பெரியவர் அசையவே இல்லை, எங்களையும் அசையாதே என்று கை காட்டினார்.

ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். குட்டி தலையைக் கீழே போட்டது. மூக்கு புல்லைத் தொட்டது. வால் ஆட ஆரம்பித்தது. முயல் போன வழியில் இரண்டு அடி, நாலு அடி. பிறகு உடம்பு மொத்தமும் நடுங்க, கீச்சென்று ஒரு குரல். குரைப்புகூட இல்லை, கதவுக் கீல் சத்தம் மாதிரி இருந்தது.

பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். "குழந்தை பேசிடுச்சு" என்றார்.

பீகிள்காரர்களுக்கு இந்த முதல் குரல்தான் எல்லாம். கண்ணால் ஓடுவதை விட்டுவிட்டு மூக்கால் ஓடத் தொடங்கும் நிமிஷம் அது. அதன் பிறகு அவர்கள் நாயை மதிப்பிடுவது வேகத்தை வைத்து இல்லை. முயல் சட்டென்று திரும்பும்போது தடம் அறுந்துபோகும். வேகத்தில் போகும் நாய் தாண்டிப் போய்விடும். அப்போது அது என்ன செய்கிறது? கடைசியாக வாடை இருந்த இடத்துக்கே திரும்பி வந்து, அங்கிருந்து சின்ன வட்டமாகத் தேடினால் நல்ல நாய். 'இப்படித்தான் போயிருக்கும்' என்று தானாக முடிவெடுத்துக் குறுக்கே ஓடினால் மட்டமான நாய். வாடையே இல்லாமல் சும்மா குரல் கொடுக்கிற நாயும் உண்டு. அதற்கு அவர்கள் அகராதியில் கிட்டத்தட்டப் பொய்யன் என்றே பட்டம். மற்ற நாய்கள் இரண்டு தடவை ஏமாந்துவிட்டு, மூன்றாவது தடவை அதன் குரலுக்குத் திரும்பிக்கூடப் பார்க்காது. எங்கள் குடும்பத்து வாட்ஸப் குரூப்பில் அப்படி ஒருவர் இருக்கிறார்.

பிறகு பெரிய நாய்கள் ஆறு. அவற்றுக்கு இது பாடம் இல்லை, உடற்பயிற்சி. முயல் வேட்டைக்கு அனுமதி வருஷத்தில் சில மாதங்கள் மட்டும்தான். கோடை முழுக்கத் தின்று தூங்கிய நாயை நவம்பரில் நேராகக் காட்டுக்குள் விட்டால், இரண்டு மணி நேரத்தில் பாதம் கிழிந்து உட்கார்ந்துவிடும். அதனால் செப்டம்பரிலிருந்து பட்டியில் பழக்குகிறார். முதல் வாரம் அரை மணி நேரம்தான். வாரா வாரம் கொஞ்சம் கூட்டி, பாதத்தின் தோல் இறுகி, மூச்சு நீண்ட பிறகுதான் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம். வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிட வேண்டும். நாய்க்கு நம்மைப் போல வியர்த்து ஆறாது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. வாயைப் பிளந்து இரைக்கிற நாயால் மோப்பம் பிடிக்கவும் முடியாது. ஈரப் புல்லில்தான் வாடையும் நன்றாகத் தங்கும். திரும்பி வந்ததும் ஒவ்வொரு நாயையும் மல்லாக்கப் படுக்கவைத்து, விரலிடுக்கில் முள் இருக்கிறதா, காதுக்குள் உண்ணி இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு நாய்க்கு ஏழெட்டு நிமிஷம். பேசிக்கொண்டேதான் செய்தார், ஆனால் ஒன்றையும் விடவில்லை.

"பட்டி எதுக்கு? இவ்வளவு பெரிய நாட்டுல காடு இல்லையா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. அப்புறம் சொன்னார். அவர் சின்ன வயதில் வீட்டு வாசலிலிருந்து நாயை அவிழ்த்துவிட்டால், எந்தத் திசையில் போனாலும் ரோடு குறுக்கிடாதாம். இப்போது எந்தத் திசையிலும் கால் மணி நேரத்தில் ரோடு. மூக்கு தரையில் இருக்கும் பீகிளுக்கு லாரி தெரியாது, ஹாரனும் கேட்காது. முயல் வளைந்து திரும்பும், அதனால் பரவாயில்லை. ஆனால் வழியில் மான் வாடை வந்துவிட்டால் போச்சு. மான் வட்டம் அடிக்காது, மைல் கணக்கில் நேராகப் போகும். நாயும் போகும். மான் பின்னால் போகிற பழக்கத்தை அவர்கள் 'குப்பை' என்கிறார்கள். அப்படிக் குப்பைக்குப் போன ஒரு பெட்டை நாய். அவர் வைத்திருந்ததிலேயே நல்ல குரல் அதற்குத்தானாம். "ஹைவே ஓரத்துல நான்தான் போய்த் தூக்கிட்டு வந்தேன்" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த வருஷம்தான் இந்த வேலி.

மாப்பிள்ளை அதுவரை பேசாமல் இருந்தார். இப்போது கேட்டேவிட்டார். "நாய்க்கு வேலி நல்லதுன்னு புரியுது. முயல் உங்களை வேலி கேட்டுச்சா?"

மகள் அவர் காலை மிதித்தாள். பெரியவர் கோபப்படவில்லை.

"கேட்கலை. நியாயமான கேள்வி. அதனால இந்த இடத்துல முயல்தான் ஜெயிக்கணும். தினம் தினம் ஜெயிக்கணும்" என்றார்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். முயல் குவியலுக்குள் நுழைந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. நாய்களை அந்த இடத்திலிருந்து இழுத்து வந்துவிட வேண்டும். அதே முயலை மறுபடி கிளப்பக் கூடாது. ஒரு நாள் ஓட்டினால் அடுத்த ஒன்றிரண்டு நாள் பட்டிக்கு ஓய்வு. வசந்த காலத்தில் குட்டி போடும் சமயம் பெரிய பட்டியைப் பூட்டிவிடுகிறார். தாய் முயல் புல்லும் தன் ரோமமும் போட்டு மூடிய சின்னப் பள்ளத்தில் குட்டிகளை வைத்துவிட்டு, நாளுக்கு ஒன்றிரண்டு முறைதான் பால் கொடுக்க வரும். அந்தப் பள்ளம் கால் பட்டாலே கலைந்துவிடும்.

இவ்வளவும் முயல் மேல் உள்ள பாசமா என்றால், இல்லை. அதை அவரே சொன்னார். களைத்துப்போன முயல் மெதுவாக ஓடும், நாயின் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே ஓடும். அப்போது நாய் மூக்கைத் தூக்கிவிட்டுக் கண்ணால் ஓடப் பழகிவிடும். இரண்டு தடவை அப்படிப் பிடித்து ருசி கண்டுவிட்டால், பொறுமையாகத் தடம் படிக்கிற குணமே போய்விடும். முயல் குறைவாகவும் நாய் அதிகமாகவும் உள்ள பட்டியில், முயல்கள் பயந்துபோய் வேலி ஓரமாகவே நேர்க்கோட்டில் ஓடும். நாயும் வேலியைப் பிடித்து ஓடக் கற்றுக்கொள்ளும். அந்த நாயை வெளிக்காட்டில் விட்டால் முழிக்கும். முயலுக்குத் தப்பிக்க வழி இல்லாத பட்டியில் நல்ல நாய் உருவாகாது. இதுதான் அவர் கணக்கு.

"அப்போ ஒரு முயல்கூடச் சாகிறதில்லையா?" என்றேன்.

"சாகும் மேம். பொய் சொல்ல மாட்டேன். குட்டி முயல் சில சமயம் மாட்டிக்கும். பருந்து தூக்குறதும் உண்டு. வெளியே இருந்தாலும் பெரும்பாலான முயல் ஒரு வருஷம் தாண்டுறதில்லை. ஆனா அதைச் சொல்லி நான் தப்பிச்சுக்க முடியாது. வேலி போட்டது நான்தானே."

அந்தக் கடைசி வாக்கியம் என்னோடு விமானம் ஏறி வந்தது.

எல்லாப் பட்டிக்காரர்களும் இவரைப் போல இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். காசு வாங்கிக்கொண்டு எத்தனை நாயை வேண்டுமானாலும் விடுகிற இடங்கள் உண்டு என்று அவரே முகம் சுளித்தார். நரியையும் கயோட்டியையும் அடைத்து நாய்க்கூட்டத்தை விடுகிற பட்டிகளில் நடந்த கொடுமைகளால், 2010-ல் புளோரிடா மாநிலம் அவற்றைத் தடையே செய்துவிட்டது. விலங்கு நல அமைப்புகள், எந்தப் பிராணியாக இருந்தாலும் பட்டியே வேண்டாம் என்கின்றன. அவர்கள் பக்கத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. முயல் குறைந்தால் வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து விடுவார்கள். அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரு பழைய பொறி இருக்கிறது, பெயர் 'ராபிட் கம்'. கம் என்ற மரத்தின் பொந்து விழுந்த கட்டையில் செய்வார்கள், அதனால் அந்தப் பெயர். இப்போது பலகைப் பெட்டியில் செய்தாலும் பெயர் மாறவில்லை. முயல் உள்ளே போனதும் கதவு விழும், காயம் படாது. ஆனால் பிராணியை ஊர் மாற்றினால் நோயும் ஊர் மாறும். 1970-களின் பிற்பகுதியில், வேட்டைக்காகத் தெற்கேயிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ரக்கூன்களோடு வெறிநோயும் வர்ஜீனியா பக்கம் வந்து, கிழக்குக் கரை முழுக்கப் பரவியது. 2020-ல் நியூ மெக்சிகோவில் முயல்களைக் கொல்லும் ரத்தக்கசிவு வைரஸ் ஒன்று காட்டன்டெயில்களையும் தாக்கியது. மனிதருக்கும் நாய்க்கும் அது வராது, முயலுக்குத்தான் எமன். பெரியவர் இப்போது வெளி முயல் வாங்குவதை நிறுத்திவிட்டார். உள்ளே இருப்பது பெருகினால் ஓட்டம், பெருகாவிட்டால் அந்த வருஷம் ஓட்டம் இல்லை.

கிளம்பும்போது மாப்பிள்ளை அவர் கையைக் குலுக்கினார். மனசு மாறிவிட்டதா என்று காரில் கேட்டேன். "இல்லை அத்தை. ஆனா அவரைப் பிடிச்சிருக்கு" என்றார். எனக்கும் அதே நிலைமைதான்.

வருவதற்கு முன் பெரியவரிடம் சிக்குவைப் பற்றிச் சொல்லியிருந்தேன். மூன்றாம் மாடி, பால்கனி, நோட்டீஸ் எல்லாம். எடை என்ன என்று கேட்டார். போனில் பையனிடம் விசாரித்துச் சொன்னேன், பத்தொன்பது கிலோ. அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அந்த உயரத்துக்கு 14 கிலோவைத் தாண்டவே கூடாதாம்.

"முயல் வேண்டாம், வேலியும் வேண்டாம்" என்றார். "வாடை போதும். நல்ல நாத்தம் பிடிச்ச பொருள் ஏதாவது கயிற்றில் கட்டித் தரையில் இழுத்துட்டுப் போங்க. நேராக இழுக்காதீங்க, முயல் மாதிரி திரும்பித் திரும்பிப் போங்க. கால் மணி நேரம் கழிச்சு நாயை விடுங்க. கடைசியில ஏதாவது தின்னக் கிடைக்கணும், அதையும் அன்னாடச் சாப்பாட்டுல கழிச்சுடுங்க. முதல் வாரம் பத்து நிமிஷத்துக்கு மேல வேண்டாம்."

நல்ல நாத்தம் பிடிச்ச பொருளுக்கு நமக்கா பஞ்சம்?

ஊர் திரும்பிய மூன்றாம் நாள், சிக்கு வீட்டுப் பையனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "ஆன்ட்டி, சீரியஸாவா?" என்றான். மறுநாள் காலை அஞ்சு மணிக்கு மொட்டை மாடியில், நெத்திலிக் கருவாட்டை ஒரு பழைய சாக்ஸில் போட்டு, துணி காயப்போடும் கயிற்றில் கட்டி, தண்ணீர்த் தொட்டிகளைச் சுற்றி இழுத்தான். சோலார் பேனலுக்குக் கீழே நுழைந்து, கொடிக்கம்பத்தில் திரும்பி, லிப்ட் ரூமை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு பூந்தொட்டிக்குப் பின்னால் சாக்ஸை ஒளித்து வைத்தான். கைப்பிடிச் சுவர் உயரமாக இருக்கிறதா, கதவு பூட்டியிருக்கிறதா என்று நான் இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். பிறகு சிக்குவை விட்டோம்.

அது முதலில் எங்களைத்தான் பார்த்தது. பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அசையாதே என்று கை காட்டினேன்.

மூக்கு தரைக்குப் போனது. வால் ஆடத் தொடங்கியது. தொட்டி மூலையில் தாண்டிப் போய்விட்டு, நின்று, திரும்பி வந்து, விட்ட இடத்தில் மறுபடி பிடித்தது. பையன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். லிப்ட் ரூம் பக்கத்தில் சிக்கு குரல் கொடுத்தது பாருங்கள், பால்கனி ஓலமே இல்லை அது. கணீரென்று, விட்டு விட்டு, சந்தோஷமாக.

கீழே நாலாம் மாடி ஜன்னல் ஒன்று திறந்தது. அசோசியேஷன் செகரட்டரி. "மேலே யாரு?" என்றார்.

"நான்தான் சார். இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றேன்.

ஆறு வாரம் ஆகிறது. சிக்கு இப்போது பதினேழே கால் கிலோ. பகலில் பால்கனியில் படுத்துத் தூங்குகிறது. நோட்டீஸ் பேச்சு நின்றுவிட்டது. மொட்டை மாடியில் வடாம் காயவைக்கும் ஐந்தாம் மாடி மாமிதான், கருவாட்டு வாடை பற்றி எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.